இடைச்செருகல் பதிவேட்டில் எழுதாத ஒன்று

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நூர்ஜகான் போன் செய்தார். மன்னார்புரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நான் எழுந்து வந்தபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிப்பது இப்போது அவர் பொறுப்பு.

"சார், அந்த வரியை எடுக்கச் சொல்றாங்க," என்றார். "ஏன் போட்டீங்கன்னு கேக்குறாங்க. பாதுகாப்புக்குன்னு சொன்னேன். அது பத்தாதாம். நீங்க ஒரு தடவை வந்து சொன்னா கேப்பாங்க சார்."

கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன். போய் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன், அது என்ன வரி, யார் போடச் சொன்னது, ஒரு நாள் அதை எடுத்தது யார் என்று சொல்லியாக வேண்டும். எடுத்தது நான்தான். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒருவருடைய பெயரை மட்டும் மாற்றிக்கூட எழுதவில்லை.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். கம்ப்யூட்டர் வந்தபோது, டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு அதுவும் தெரிந்திருக்கும் என்று நினைத்து என்னை அந்த அறைக்குள் தள்ளினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஆறு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போனேன். மீதியைத் தப்புச் செய்து கற்றுக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் இணையதளம் தலையில் விழுந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. டாக்டர்கள் விவரம், லீவு அறிவிப்பு, வீட்டிலிருந்தே டோக்கன் போடும் படிவம், எல்லாம் அதில் இருந்தன.

இந்த மாதிரித் தளங்களின் குணம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தளம் என்று ஒன்று இருக்கும். அதன்மேல் கூடுதல் துண்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். உலகத்தில் யார் யாரோ செய்து விற்பார்கள், சும்மாவும் கொடுப்பார்கள். படம் நகர ஒன்று, கடிகாரம் காட்ட ஒன்று, பூ உதிர ஒன்று. ப்ளக்-இன் என்று பெயர். தளத்துக்குள் முழு அனுமதியோடு நுழைந்தவருக்கு ஒரு பட்டன் தெரியும். அழுத்தினால் துண்டு ஏறிவிடும். ஏறிய துண்டுக்குத் தளத்துக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும். எங்கள் தளத்துக்கு என்ன தெரியும் என்றால், வருகிறவர் யார், போன் நம்பர் என்ன, எந்த நாள், எந்தப் பிரிவு. யாருக்கு என்ன உடம்பு என்பதைப் பாதி சொல்லிவிடுகிற விவரம் அது.

முதல் இரண்டு வருஷம் ஆளாளுக்கு ஏற்றினார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி. ஒரு தீபாவளிக்கு யாரோ ஏற்றியதில் முகப்பில் மத்தாப்பு சுற்றியது, டோக்கன் படிவம் இரண்டு நாள் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நிர்வாக அதிகாரியாக வரதராஜன் சார் வந்து சேர்ந்தார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு, சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் நாம் காதை நீட்ட வேண்டியிருக்கும். யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். மனுவின் ஓரத்தில் பச்சை மையில் 'பார்க்கவும்' என்று எழுதுவார். நடக்காது என்று அதற்கு அர்த்தம். அவரைப் பார்த்து நானும் முகத்துக்கு நேரே மறுப்பதை விட்டுவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லப் பழகினேன். அது சௌகரியமாக இருந்தது.

அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். ஆனால் விஷயத்தை ஒரு தடவை சொன்னால் போதும். ப்ளக்-இன் என்றால் என்ன என்று நான் விளக்கியதும், "பழைய ஏட்டுல எவனோ நடுவுல நாலு பாட்டை எழுதிச் சேர்த்து வச்சுடறான் பாருங்கோ, அதுதானே இது? இடைச்செருகல்," என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் அதுதான் பெயர். நீள நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, அட்டையில் 'இடைச்செருகல் பதிவேடு' என்று தன் கையால் எழுதினார்.

முறை இதுதான். வேண்டுமென்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், செய்தவன் யார், பிற்பாடு எடுப்பது எப்படி என்ற நான்கு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். நான்காவதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். "உள்ள வர்ற வழி எல்லாரும் சொல்றா. வெளியில போற வழி தெரியாம ஒண்ணையும் விடப்படாது சுந்தரம்," என்பார். நான்கும் சரியென்றால், தளத்தின் நகல் ஒன்றில் ஏற்றி ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம்தான் நிஜத் தளம்.

நிஜத் தளத்தில்தான் அந்த வரி. சர்வரில் அமைப்புகளெல்லாம் எழுதியிருக்கிற ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரே ஒரு வரி சேர்த்தால், முழு அனுமதி உள்ளவருக்குக்கூட அந்தப் பட்டன் தெரியாது. அந்தக் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் நான் வரியை எடுக்க வேண்டும், ஏற்ற வேண்டும், உடனே வரியைத் திருப்பிப் போட வேண்டும். வரியை எடுக்கிற நேரத்தில் வரதராஜன் சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். காபி குடிக்கமாட்டார், போன் அடித்தால் எடுக்கமாட்டார். வரி திரும்ப ஏறியதும், தளத்தில் இருக்கும் துண்டுகளின் பட்டியலை மேலிருந்து கீழே நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் பதிவேட்டில் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். நேரம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு வரிக்கு இவ்வளவு சடங்கா என்று வீட்டில் நான் கேலி பேசியிருக்கிறேன்.

வரி இருக்கிற தைரியத்தில் ஒன்றைக் கோட்டை விட்டேன். டாக்டர்களின் லீவு அறிவிப்பைப் போடுவதற்காக, வரவேற்புப் பிரிவின் பொறுப்பாளர் கோமதிக்குத் தளத்தில் அனுமதி கேட்டார்கள். அந்த வேலைக்குக் கொஞ்சம் அனுமதி போதும். எது எது என்று பார்த்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு, முழு அனுமதியையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பட்டன்தான் தெரியப்போவதில்லையே என்று நினைத்தேன்.

கோமதியைத் தப்பாக நினைக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை போனை வைக்க முடியாத வேலை அவருக்கு. எங்கள் ஊர் ஜனங்கள் முதலில் டோக்கன் போடுவார்கள், அப்புறம் காலண்டரைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுக் கோமதியைத் திட்டுவார்கள். "ஏம்மா, திங்கக்கிழமை எட்டு மணி ராகு காலம்னு உனக்குத் தெரியாதா? அந்த நேரத்துலயா முதமுதல்ல டாக்டரைப் பார்க்க வருவாங்க?" என்று கேட்பார்கள். மாற்றிக் கொடுத்தால் இன்னொருவர் சண்டைக்கு வருவார். படிவத்திலேயே ராகு காலத்தைச் சிவப்பாகக் காட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம் என்பது அவர் கோரிக்கை. அப்படி ஒரு பஞ்சாங்கத் துண்டை, வேறு ஊர் வரவேற்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். முறைப்படி எழுதியும் கொடுத்தார். செய்தவன் யார் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றிருந்தது. எடுப்பது எப்படி என்ற இடம் காலி. பச்சை மையில் 'பார்க்கவும்' விழுந்தது.

அந்த மார்கழியில் வரதராஜன் சார் வழக்கம்போல வைகுண்ட ஏகாதசிக்கு நீள லீவில் போனார். பகல் பத்து, இராப் பத்து இரண்டையும் அவர் விடமாட்டார். அவர் இல்லாதபோது வரியைத் தொடக் கூடாது என்பது சொல்லாமலே தெரிந்த விதி. ஆனால் பொங்கலுக்கு முன்னால் கண் முகாம் இருந்தது. முகாமுக்கு வருகிறவர்களின் டோக்கன் எண்ணை அவரவர் போனிலேயே காட்டுகிற துண்டு ஒன்று, நான்கு கேள்வியும் தாண்டி, ஒரு வாரச் சோதனையும் முடிந்து காத்திருந்தது. திங்கட்கிழமை ஏகாதசி, உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையை விட்டால் எனக்கு நாள் இல்லை. ஒரு தடவைதானே, தனியாகச் செய்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோமதி என் அறைக்கு வந்தார். "சார், ஏகாதசிக்கு ஊரே பஞ்சாங்கம் பார்க்குற நேரம். என்னோடதையும் போட்டு விட்டுடுங்களேன்," என்றார்.

"பார்க்கலாம் கோமதி," என்றேன்.

தலையாட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். ஏன் சந்தோஷப்படுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே ஆபீசில் இருந்தும், பச்சை மைக்கு அர்த்தம் தெரிந்த மனுஷிக்கு என் 'பார்க்கலாம்' மட்டும் சம்மதமாகக் காதில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். புதிதாக ஒன்றை அந்த நேரத்தில் ஆரம்பிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதற்கு ஒரு குறுக்கு வழி எல்லார் வீட்டிலும் உண்டு. ராகு காலத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், பெட்டியை முன்னதாகவே பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிடுவோம். கிளம்பியாயிற்று என்று கணக்கு. என் மனைவி காலையில் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போது, "பத்தரைக்கு முன்னாடி பேருக்கு ஆரம்பிச்சு வச்சிடுங்க, மீதியைப் பன்னெண்டுக்கு மேல பார்த்துக்கலாம்," என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. தளத்தை முழுதாக நகல் எடுத்து வைக்கவே அரை மணி ஆகும். எப்படியும் நடுவில் ராகு காலம் வந்துவிடும். ஆகவே பத்து இருபதுக்குக் கோப்பைத் திறந்து வரியை எடுத்தேன். பேருக்கு ஆரம்பித்தாயிற்று. மருந்தகத்தில் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன்.

பன்னிரண்டு ஐந்துக்குத் திரும்பி வந்தேன். நகல் எடுத்தேன், முகாம் துண்டை ஏற்றினேன், ஓட்டிப் பார்த்தேன், வரியைத் திருப்பிப் போட்டேன். பட்டியலை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆளில்லாத அறையில் எனக்கு நானே படித்துக் காட்டவா என்று விட்டுவிட்டேன். பதிவேட்டில் முகாம் துண்டை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாருடைய கையெழுத்துக்கு இடம் விட்டேன். சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்து படிவத்தைத் திறந்தால் அதில் சிவப்புப் பட்டைகள். அன்றைய தேதியில் மூன்றிலிருந்து நாலரை வரை சிவப்பு. பக்கத்தில் சின்னதாக ஒரு பாம்புத் தலை. கோமதியிடம் ஓடினேன்.

"நீங்கதானே சார் பார்க்கலாம்னீங்க? வெள்ளிக்கிழமை லீவு அறிவிப்புப் போடத் திறந்தா, இத்தனை நாள் இல்லாத பட்டன் இருந்துச்சு. எனக்காகத் திறந்து விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"பத்தே முக்கால் இருக்கும்."

"ராகு காலத்தைக் காட்டுற பஞ்சாங்கத்தை ராகு காலத்துலயேவா ஏத்துனீங்க?" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றே துண்டை நீக்கினேன். சிவப்புப் பட்டை போயிற்று. கோமதியின் அனுமதியைக் குறைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் யார் ஏற்றியது என்று கேள்வி வரும், அதற்கு முன்னால் வரியை யார் எடுத்துவிட்டுப் போனது என்ற கேள்வி வரும். வரதராஜன் சார் லீவு முடிந்து வந்தார், புளியோதரை கொடுத்தார், முகாம் துண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். "நான் இல்லாதப்போ பண்ணினேளா?" என்று மட்டும் கேட்டார். முகாமுக்கு நாள் இல்லை என்றேன். பேனாவை மூடினார்.

மாசி கடைசியில் ஒரு நாள் என்னைச் சாருடைய அறைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆலை ஒன்றில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்தில் வீடு. நான்காக மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் பிரித்து வைத்தார். கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த பிரிண்ட். எங்கள் டோக்கன் பட்டியல்.

"இது என் பொண்ணு பேரு. இது அதோட நம்பர். பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க சார்," என்றார்.

மூன்று தேதிகள் இருந்தன. மூன்றுக்கும் நேரே 'மனநலப் பிரிவு' என்று இருந்தது.

"மாப்பிள்ளை வீட்ல பொண்ணோட நம்பரை நெட்ல போட்டுத் தேடியிருக்காங்க. இப்பல்லாம் அப்படித் தேடுறாங்களாமே. முதல்ல இதுதான் வந்திருக்கு. பத்திரிகை அடிச்சாச்சு சார். நிறுத்திட்டாங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இதை எடுத்துடுங்க, அது போதும்," என்றார்.

என் அறைக்கு ஓடினேன். அந்தப் பஞ்சாங்கத் துண்டு ஏறிய அன்றே, சிவப்புப் பட்டை போடுவதற்காக எங்கள் டோக்கன் விவரம் முழுவதையும் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தது. நான் துண்டை நீக்கியபோது ஃபோல்டர் அப்படியே இருந்துவிட்டது. திருட்டுக்காக எழுதிய துண்டா, அரைகுறையாக எழுதிய துண்டா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இணையத்தில் தேடிக் கொடுக்கிற கம்பெனிகள் அந்தப் பட்டியலை எடுத்து உலகத்துக்கே காட்டியிருக்கின்றன. ஃபோல்டரை அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, "எடுத்தாச்சு சார்," என்றேன்.

அவர் தன் போனை எடுத்து மகளின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தித் தேடினார். திரையை என் பக்கம் திருப்பினார். பெயர் இருந்தது, பிரிவு இருந்தது. தேடுகிற கம்பெனியிடம் இருக்கும் பிரதி, எழுதிக் கேட்டால் நீக்குவார்கள், சில நாள் ஆகும் என்று நான் ஏதேதோ சொன்னேன்.

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே சார்," என்றார் அவர்.

அவர் போன பிறகு வரதராஜன் சார் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மார்கழிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து இருபது, பேருக்கு ஆரம்பித்தது, பட்டன், சிவப்புப் பட்டை, எல்லாம்.

"ஏன் எழுதலை?" குரல் கேட்கவே இல்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

"கோமதிக்கு வேலை போயிடும்னு பயந்தேன் சார்."

"கோமதிக்கா?" என்றார்.

பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு வருஷம் அதைச் சுமந்திருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டும், நடந்ததை மருத்துவமனையின் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், அதை வைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிப் பார்க்கலாம் என்பது சாருடைய எண்ணம். கடிதத்தைப் பச்சை மையில் எழுதியே கொண்டுவந்திருந்தார். அப்பா கதவைத் திறந்தார். நாற்காலி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இருபத்தேழு வயசு இருக்கும்.

சார் எழுந்து நின்றார். தன்னைவிட வயசில் சிறியவர்கள் முன் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "எங்க தப்பும்மா. உன்னண்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை," என்றார்.

"அம்மா போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வரலை சார். அதுக்குத்தான் வந்தேன்," என்றார் அந்தப் பெண். "மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு மாசத்துல நல்லா தூக்கம் வந்துச்சு. வேலைக்குக்கூட ஒழுங்கா போயிட்டிருந்தேன். அவ்வளவுதான் சார் விஷயம். அதைச் சொல்றதுக்குள்ள அவங்க எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டாங்க."

சார் கடிதத்தை நீட்டினார். அந்தப் பெண் வாங்கவில்லை.

"வேண்டாம் சார். எழுதினா அது எங்கேயாவது இருக்கும். நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பாங்க. நீங்க எனக்கு ஏதாவது செய்யணும்னா, என் பேரை இனிமே எதுலயும் எழுதாதீங்க. உங்க ஆபீஸ் நோட்டுலகூட. எனக்கு நடந்தது எதுலயும் இருக்கக் கூடாது."

சார் கடிதத்தை அங்கேயே கிழித்து, துண்டுகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "எழுதமாட்டோம்," என்றார். நானும் சொன்னேன்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. "மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தீந்துபோச்சு சார்."

"வந்து வாங்கிக்கலாமே."

"வந்தா பேரு எழுதணுமே சார்," என்றார்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேடலிலிருந்து அந்தப் பக்கம் மறைய பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் அதைப் படம் பிடித்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதை நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பட்டியலில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. கேட்டு வந்தது இந்த அப்பா ஒருவர்தான். பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது வாயை மூடிக்கொள்வதே நியாயம் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். கோமதியிடமும் சொல்லவில்லை. பிடிவாதத்தால் நான் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டேன் என்று அவர் ரொம்ப நாள் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் நான் எழுதாமல் விட்டது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அப்புறம் எழுதாமல் விட்டது அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காக. பதிவேட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், மார்கழிப் பக்கத்தில் முகாம் துண்டுக்குக் கீழே வெறும் கோடுகள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, யார் சொன்னாலும் எந்த நேரமானாலும், இன்னொருவர் பக்கத்தில் உட்காராமல் வரியைத் தொடவில்லை. சார் இல்லாத வருஷங்களில், எனக்கு உதவியாகச் சேர்ந்திருந்த நூர்ஜகான் உட்கார்ந்தார். சார் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். அந்தப் பெண்ணின் நோயாளி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்த மூன்று தேதிகளுக்குப் பிறகு ஒரு தேதிகூட இல்லை.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். புதிய நிர்வாக அதிகாரிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். மரியாதையான மனிதர். எழுந்து வந்து கைகொடுத்தார், டீ வரவழைத்தார். ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டியதைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் நூர்ஜகானிடம் நின்றால் வேலை ஓடாது என்றார். பதிவேடு அவர் மேஜைமேல்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியிருக்கிறார்.

"ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க சார். இவ்வளவு வருஷத்துல ஒரு பிரச்சினைகூட வரலை. அப்புறம் எதுக்கு இவ்வளவு கெடுபிடி?" என்றார்.

"ஒரு தடவை வந்துச்சு," என்றேன்.

"இதுல இல்லையே சார்."

"எழுதலை."

"யாருக்கு என்ன ஆச்சுன்னு சொன்னீங்கன்னா, நான் மேல பேசுறதுக்கு உதவியா இருக்கும்."

நூர்ஜகான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம்கூட நான் சொன்னதில்லை. தப்பு செய்தது நான் என்று சொன்னேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் திறந்து போட்டுவிட்டுப் போனேன், அதனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கஷ்டம் வந்தது என்றேன். எந்தக் குடும்பம், எந்த வருஷம், எந்தப் பிரிவு என்று அவர் கேட்டார். எந்தப் பிரிவு என்று சொன்னாலே பாதி சொன்ன மாதிரி. சொல்ல முடியாது என்றேன். எழுத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

"அது உங்க கவனக்குறைவுதானே சார், சிஸ்டத்தோட தப்பு இல்லையே," என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அந்த வாரமே வரியை எடுத்துவிடச் சொல்லி நூர்ஜகானிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வரவேற்புக் கூடத்தில் நல்ல கூட்டம். கடைசி வரிசையில் ஒரு அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் போனில் எங்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற வயசு. பெயர் போட்டாயிற்று, நம்பர் போட்டாயிற்று. பிரிவு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். போனைச் சாய்த்து மறைத்துக்கொண்டாள்.

"போடுடி, யாரு பார்க்கப் போறா?" என்றார் அம்மா.

போடாதே என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் கிடைக்காது. போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் விரல் இறங்குகிற வரை அங்கேயே நின்றேன். அப்புறம் படியிறங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.